மறுதலித்தல் என்னும் சொல்லும் ஒரு சான்றிதழும்

பலமனேரில் ஒரு விசுவாசியின் இல்லத்தில் நடைபெற்ற வேதபாடக் கூட்டத்தில், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த வாலிபத் தம்பி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கையில் இருந்தது ஆங்கில வேதாகமம். தம்மைப் பின்பற்ற விரும்புகிறவனுக்கு ஆண்டவர் மத்தேயு 16:24இல் விதிக்கும் முதல் நிபந்தனையை அந்த வேதாகமம் ‘டினை’ என்ற வினைச்சொல்லால் குறிக்கிறது. சேவல் கூவுமுன் பேதுரு மூன்று தரம் செய்த காரியத்துக்கும் அதே ‘டினை’தான். ஆனால் நம் கையிலுள்ள தமிழ் வேதாகமத்தில் முதல் இடத்தில் ‘வெறுத்து’ என்றும், இரண்டாம் இடத்தில் ‘மறுதலிப்பாய்’ என்றும் இரு வேறு சொற்கள் நிற்கின்றன. “பாஸ்டர் ஐயா, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் ஏன் இரண்டாகப் பிரிந்தது? இதில் எது சரி?” என்பது அவருடைய கேள்வி.

கூட்டத்தில் சற்று நேரம் அமைதி நிலவியது. நம்முடைய போதகர், அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல், தாம் அறிந்த அளவில் விளக்கம் கொடுத்தார். வீடு திரும்பிய பின் அடியேனும் அகராதிகளைப் புரட்டினேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன். ஆனால் அந்தத் தம்பியின் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி வேறொன்று என்பது, கூட்டம் முடிந்து எல்லாரும் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில்தான் தெரியவந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

‘டினை’ ஆங்கில மண்ணில் முளைத்த சொல் அன்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஓங்கிற்று. அந்த வழியாக ஆங்கிலத்துக்குள் குடியேறிய ஆயிரக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. இதன் மூலம் இலத்தீனில் உள்ள ‘டெநெகாரே’. ‘நெகாரே’ என்றால் இல்லை என்று சொல்லுதல். அதன் முன்னே நிற்கும் ‘டெ’ அழுத்தம் சேர்ப்பது. ஆகவே, அறவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுவதே ‘டினை’. மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் நாம் காணும் ‘நெகடிவ்’ இதே குடும்பத்துப் பிள்ளை. கட்சி மாறியவனையும் கொள்கை துறந்தவனையும் ஆங்கிலத்தில் ‘ரெனிகேட்’ என்பார்கள். இடைக்கால இலத்தீனில் அது விசுவாசத்தை மறுதலித்துப்போனவனைக் குறித்த சொல்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் நிலைமை இதுவே. ‘அர்நெயொமாய்’ என்றால் இல்லை என்று சொல்லுதல், தன்னைச் சேர்ந்தவன் அல்ல என்று கைவிடுதல். அதன் அழுத்தமான வடிவம் ‘அபர்நெயொமாய்’. மாற்கு 8:34இல் சீஷனுக்குச் சொல்லப்படும் நிபந்தனையிலும், மாற்கு 14:30இல் பேதுருவைக் குறித்து ஆண்டவர் முன்னறிவித்ததிலும் அந்த ஒரே வினைதான் வருகிறது. முதல் நூற்றாண்டில் இச்சுவிசேஷத்தை வாசிக்கக் கேட்டவர்களுடைய காதில் இரண்டும் ஒன்றோடொன்று மோதி ஒலித்திருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒலியைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இதை உணர்ந்தபோது அடியேனுக்குப் பேதுருவின் கதை புதிதாய்த் திறந்தது. தான் என்னும் ஆளைக் குறித்து, அவனை எனக்குத் தெரியாது, அவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லும்படியே பேதுரு அழைக்கப்பட்டிருந்தார். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் அவர் சொன்ன வாக்கியமும் ஏறக்குறைய அதுதான். சொல்லவேண்டிய ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார். தன்னை மறுதலிக்க வேண்டிய இடத்தில், தன்னைக் காப்பாற்றிக்கொண்டு தன் எஜமானை மறுதலித்தார்.

அப்படியானால் தமிழ் மொழிபெயர்ப்பு பிழையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமை பெற்ற அந்தத் திருப்புதலைத்தான் நம் பாட்டிமார் கண்ணீரோடு வாசித்தார்கள். இன்றும் நம் சபைகளில் பெரும்பாலும் அதுவே. உலகத்தை வெறுத்துப் போய்விட்டான் என்று நம் ஊரில் சொன்னால், உலகத்தோடு சண்டையிட்டான் என்று பொருளில்லை. பற்றை விட்டான் என்றே பொருள். அந்தப் பழைய பொருளில்தான் ‘வெறுத்து’ அங்கே வந்து அமர்ந்திருக்கிறது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் 26ஆம் வசனத்திலும் 33ஆம் வசனத்திலும் தமிழில் வெறுத்தலே வருகிறது. கிரேக்கத்திலோ அவ்விரண்டும் வேறு வேறு வினைகள். மத்தேயு 16:24இல் உள்ளதையும் சேர்த்தால் மூன்று. மூன்று கிரேக்க வினைகளின் சுமையை ஒரே தமிழ்ச் சொல் சுமக்கிறது.

ஆனால் இன்றைய பிள்ளைகளின் காதில் வெறுப்பு என்றால் பகை, அருவருப்பு. தன்னைத்தானே அருவருத்துக்கொள்வதுதான் பரிசுத்தம் என்று எண்ணி மனம் வாடும் சகோதரிகளை நம் சபைகளில் பார்த்திருக்கிறேன். குடிகாரக் கணவனிடம் அடிபட்டு, தன்னை வெறுத்துக்கொண்டு வாய்மூடிச் சகிப்பதே சிலுவை என்று போதிப்பாரும் உண்டு. வசனம் அதைச் சொல்லவில்லை. அங்கே கேட்கப்படுவது ஒரு வாக்குமூலம்: என் எஜமான் நான் அல்ல என்று அறிவிப்பது.

‘மறுதலி’ என்ற சொல்லோ மிகப் பொருத்தமானது. மறுதலை என்றால் எதிர்ப்பக்கம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை என்று படித்தது நினைவிருக்கலாம். நின்ற இடத்தைவிட்டு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பவனே மறுதலிப்பவன். பேதுரு அன்று இரவு குளிர்காய்ந்துகொண்டு நின்ற இடமும் எதிர்ப்பக்கத்தாரின் நெருப்பருகேதான்.

அவருடைய மூன்றாம் மறுதலிப்புக்குக் காரணமாயிருந்தது அவருடைய பேச்சு. கலிலேயாவின் உச்சரிப்பு எருசலேமில் அவரைக் காட்டிக்கொடுத்தது. பலமனேர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை வட ஆற்காட்டில் இருந்த ஊர் இது. கடைவீதியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சற்று மேற்கே போனால் கன்னடம். நம் பிள்ளைகள் சென்னையில் வாய்திறந்தால் ஆந்திராவா என்கிறார்கள். பெங்களூரில் வாய்திறந்தால் தமிழா என்கிறார்கள். அடையாளம் வெளிப்படுகிற அந்தக் கணத்தில் ஒரு மனிதனுக்கு உண்டாகும் நடுக்கத்தை, பிழைக்கப் போன இடத்தில் வாழ்கிறவன் நன்றாய் அறிவான். பேதுரு அந்த நடுக்கத்தில் சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார்.

சத்தியம்பண்ணி விலகுவதற்கும் ஆங்கிலத்தில் தனிச் சொல் உண்டு: ‘அப்ஜூர்’. ‘ஜூராரே’ என்றால் இலத்தீனில் ஆணையிடுதல். ‘ஆப்’ என்றால் விட்டு நீங்க. அமெரிக்காவில் குடியுரிமை பெறும் நம் உறவினர்கள் கையை உயர்த்திச் சொல்லும் உறுதிமொழியில், பழைய நாட்டின் பற்றுறுதியை விடுகிறேன் என்பதற்கு இந்தச் சொல்லும், ‘ரினௌன்ஸ்’ என்ற இன்னொரு சொல்லும் இணைந்தே வருகின்றன. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் குடியுரிமையைத் துறப்பதற்கு ‘ரினௌன்ஸ்’ என்ற சொல்லையே வைத்திருக்கிறது.

இந்த ‘ரினௌன்ஸ்’தான் என்னை வெகுநேரம் பிடித்து நிறுத்தியது.

தூதன் ஒளிந்திருக்கும் சொல்

இலத்தீனில் ‘நுன்சியுஸ்’ என்றால் தூதன், செய்தி கொண்டுவருகிறவன். போப்பாண்டவரின் தூதரை இன்றும் ‘நுன்சியோ’ என்றுதான் அழைக்கிறார்கள். அறிவித்தல், உச்சரித்தல், பகிரங்கமாய்க் கண்டித்தல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களாகிய ‘அனௌன்ஸ்’, ‘ப்ரோனௌன்ஸ்’, ‘டினௌன்ஸ்’ எல்லாவற்றிலும் அந்தத் தூதன் நிற்கிறான். ‘ரினௌன்ஸ்’ என்பதன் இலத்தீன் மூலமான ‘ரெநுன்சியாரே’ தொடக்கத்தில் துறத்தல் என்ற பொருளையே குறிக்கவில்லை. போன இடத்திலிருந்து திரும்பிவந்து செய்தி சொல்லுதல் என்பதே அதன் பொருள். ரோமில் தேர்தல் முடிந்து இன்னார் வென்றார் என்று அறிவிப்பதற்கும் அதே வினைதான். பிறகு, இனி உனக்கும் எனக்கும் உடன்பாடு இல்லை என்று எதிராளிக்குச் செய்தி அனுப்புவதற்கு அது வழங்கிற்று. அதிலிருந்தே துறத்தல் என்ற பொருள் கிளைத்தது.

ஆகவே மனதுக்குள் விட்டுவிட்டேன் என்பது ‘ரினௌன்ஸ்’ ஆகாது. யாரை விடுகிறோமோ அவனுக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். கேட்கிற காது ஒன்று வேண்டும்.

ஆதித் திருச்சபை இதை ஞானஸ்நானத்தில் அப்படியே நடித்துக் காட்டியது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் பேராயராயிருந்த சிரில், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் கொடுத்த உபதேசத்தில் அம்முறையை விவரித்திருக்கிறார். முதலில் அவர்கள் சூரியன் மறையும் மேற்குத் திசையைப் பார்த்து நின்று, கையை நீட்டி, சாத்தான் எதிரே நிற்பதுபோல் அவனிடமே நேருக்கு நேர் அவனைத் துறப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகே கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். அங்கே வழங்கிய கிரேக்க வினை லூக்கா 14:33இல் உள்ளதே. அந்த வினைக்கு விடைபெறுதல் என்றும் பொருள் உண்டு. லூக்கா 9:61இல் வீட்டாரிடம் விடைபெற்று வர அனுமதி கேட்டவன் பயன்படுத்தியதும் அதுதான்.

நம் பெந்தெகொஸ்தே சபைகளிலும், தண்ணீரில் இறங்குமுன் போதகர் கேள்வி கேட்பதும், கரையில் நிற்கும் சபையார் கேட்கும்படி பதில் சொல்வதும் இந்த மரபின் தொடர்ச்சியே. பலமனேரில் ஞானஸ்நானம் எடுத்த ஒரு சகோதரி நகைகளைக் கழற்றிவிட்டு வீதியில் நடந்தால், ஊரார் அனைவருக்கும் செய்தி போய்விடுகிறது. கழுத்தே தூதன் ஆகிவிடுகிறது.

நகையைக் கழற்றியதை எண்ணிக் கணக்கிட நமக்குத் தெரிந்திருக்கிறது. கழற்றப்படாமல் இருக்கும் இன்னொன்றை நாம் அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை. கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை பகுதியைத் திறந்து பாருங்கள். ஆவியில் நிறைந்த, ஜெபிக்கிற, பட்டதாரி மணமகன் தேவை என்ற வரிக்கு அருகிலேயே சாதியின் பெயரும் அச்சாகியிருக்கும்.

தமிழ்ச் சபைகளில் இது பழைய போராட்டம். 1833இல் கல்கத்தாவின் பேராயர் டானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அது வாசிக்கப்பட்டபோது திரளானோர் சபையைவிட்டு விலகினார்கள். விக்கிரகத்தைத் துறந்தவர்கள், பந்தியில் பக்கத்தில் உட்காரும் மனிதனை ஏற்க மறுத்துத் திருவிருந்தையே துறந்தார்கள். 1847இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று விதித்தது. வாயால் சொன்னால் போதாது, இலையில் கை வைக்கவேண்டும் என்றார்கள். அங்கேயும் விலகியவர்கள் பலர்.

பலமனேருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷன், தமிழும் தெலுங்கும் அறிந்த ஊழியர்களை உருவாக்க 1888இல் இறையியல் பள்ளியைத் திறந்தது இந்த ஊரில்தான். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெரியப்பாமார் இங்கே போதித்தார்கள். இவ்வட்டாரத்து ஒடுக்கப்பட்ட மக்கள் ஆண்டவரண்டை திரளாய் வந்த காலம் அது. அவர்களுக்குச் சாதியைத் துறப்பது இழப்பாக இருக்கவில்லை. அது விடுதலைச் செய்தி.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இன்று சாதி சான்றிதழ் வடிவில் திரும்பி வந்து நிற்கிறது.

காபி டம்ளரோடு வந்த கேள்வி

கூட்டம் கலைந்தபின் அந்தத் தம்பி போதகரைத் தனியே அழைத்தார். நானும் அருகில் இருந்தேன். அவருடைய குடும்பம் இரண்டு தலைமுறையாய் இரட்சிக்கப்பட்ட குடும்பம். அவருடைய பெயரும் ஞானஸ்நான நாளும் சபைப் பதிவேட்டில் இருக்கின்றன. பள்ளியில் சேர்த்தபோது தகப்பனார் இந்து, ஆதிதிராவிடர் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இப்போது ஒரு வேலைக்காகப் புதிய சான்றிதழ் வேண்டும். அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தில், தான் இந்து மதத்தைச் சார்ந்தவன் என்ற வரி தட்டச்சாகியிருந்தது. கீழே கையொப்பத்துக்கு இடம் காலியாக இருந்தது. “ஐயா, இதில் கையெழுத்துப் போட்டால் நான் பேதுருவா?” என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிவது நல்லது. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத மதத்தை அறிக்கையிடும் எவரும் தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று விதித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். ஆந்திராவில் தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களும் அவர்கள் சந்ததியாரும் பிற்படுத்தப்பட்டோர் ‘சி’ பிரிவில் வருகிறார்கள். அதற்கான இடஒதுக்கீடு நூற்றுக்கு 1. தாழ்த்தப்பட்டோருக்கு இருப்பது நூற்றுக்கு 15. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அறிக்கையிடுதல் என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றமே 1964இல் விளக்க நேர்ந்தது. அண்ணல் அம்பேத்கரைப் பின்பற்றிப் பௌத்தத்தைத் தழுவிய நாக்பூர் வேட்பாளர் ஒருவரைப் பற்றிய தேர்தல் வழக்கு அது. அறிக்கையிடுதல் என்பது வெளிப்படையாகப் பலர் அறியச் சொல்லுதல். ஒருவன் தன் பழைய மதத்தைவிட்டு நீங்கியதாகப் பகிரங்கமாக அறிவித்துவிட்டால், அதன்பின் அவனை அம்மதத்தவனாகக் கொள்ள முடியாது என்று நீதிபதிகள் கூறினர். நீதிமன்றமும் தூதனைத்தான் தேடியது!

நம் பக்கத்து ஊரான கோலார் தங்கவயலில் இந்தக் கேள்வி இரண்டு முறை உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்தில் பிழைக்கப்போன தமிழர்கள் நிறைந்த ஊர் அது. 1967இல் அங்கே தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியில் எஸ். ராஜகோபால் வென்றார். எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் சி. எம். ஆறுமுகம். ராஜகோபால் 1949இல் கிறிஸ்தவராக மாறியவர் என்பது குற்றச்சாட்டு. அவர் மீண்டும் இந்து மதத்தைக் கைக்கொண்டதை 1968இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆதிதிராவிடர் சமூகம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்குச் சான்று போதாது என்று சொல்லி, அவருடைய வெற்றி செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. 1972இல் அவர் மறுபடியும் வென்றார். மறுபடியும் அதே வழக்கு. 1975 டிசம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாய் வந்தது. சமூகம் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது நிரூபணமாயிற்று என்றார்கள். தென்னிந்தியாவில் கிறிஸ்தவரான பின்னும் சாதி நீடிப்பதுண்டு என்பதையும் அத்தீர்ப்பு குறித்திருக்கிறது. வாசிக்கையில் எனக்கு வெட்கமாயிருந்தது. நாம் துறந்துவிட்டதாகச் சொல்லும் ஒன்று நம்மிடமே இருக்கிறது என்று நீதிமன்றம் எழுதிவைக்கும்படி ஆயிற்றே.

இன்னொரு வழக்கு சென்னையில் தொடங்கியது. சூசை என்பவர் சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1982இல் சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சிறு கடைப்பெட்டி கொடுக்கும் திட்டம் வந்தது. வெயிலிலும் மழையிலும் அவரைப்போலவே உட்கார்ந்திருந்த இந்து சகோதரருக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தன்னைக் கிறிஸ்தவன் என்றே சொல்லி உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று 1985இல் மனு தள்ளுபடியாயிற்று. வேறு பெயரில் வேறு மதம் எழுதி அந்தப் பெட்டியை அவர் வாங்கியிருக்கலாம். இந்த மனிதருக்காக நம் சபைகளில் எத்தனைபேர் ஜெபித்தோம் என்று தெரியவில்லை. எனக்கு அவர் கதை தெரியவந்ததே வெகுகாலம் கழித்துத்தான்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மதத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 மார்ச்சில் ஆந்திர சட்டமன்றம், தலித் கிறிஸ்தவர்களுக்குத் தாழ்த்தப்பட்டோர் தகுதி வழங்கும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணின் வழக்கில், விசுவாசம் ஒன்றாகவும் சலுகைக்காகச் சொல்லுவது வேறொன்றாகவும் இருப்பதை ஏற்கமுடியாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. 1950ஆம் ஆண்டு ஆணையை அநியாயம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் அநியாயமான கேள்விக்கும் ஒரு மனிதன் பதில் எழுதியே ஆகவேண்டியிருக்கிறது.

சபைக்கு இது முதல்முறை அல்ல என்பதை அந்தத் தம்பிக்குச் சொல்ல விரும்பினேன். கி.பி. 112 அளவில் பித்தினியா நாட்டின் ஆளுநராயிருந்த பிளினி, கிறிஸ்தவர்களென்று பிடிபட்டவர்களிடம் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஆம் என்றவர்களுக்கு மரணம். இல்லை என்றவர்கள் பேரரசர் சிலைமுன் தூபமிட்டுக் கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை. பேதுருவிடம் மூன்று தரம் கேட்கப்பட்ட அதே கேள்வி!

கி.பி. 250இல் பேரரசர் டெசியுஸ் காலத்தில் அது காகிதத்துக்கு வந்தது. பேரரசின் குடிகள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும் என்று கட்டளை பிறந்தது. அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களில் கிடைத்திருக்கின்றன. 1893இல் வெளியான முதல் சான்றிதழ் 72 வயது முதியவர் ஒருவருடையது. ஊர்ப்பெயர், தகப்பன் பெயர், வலது புருவத்தில் தழும்பு என்ற அங்க அடையாளம், எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன் என்ற வாக்குமூலம், அதிகாரியின் சான்றொப்பம் எல்லாம் அதில் உண்டு. அவர் கிறிஸ்தவரா இல்லையா என்று அந்தத் தாள் சொல்லவில்லை. நம் வருவாய்த்துறை அலுவலகத்தில் நீட்டினால் இன்றும் செல்லுபடியாகும் போலிருக்கிறது.

அந்நாளில் பலியிடாமலே, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்கள் அநேகர் இருந்தார்கள். மனதால் மறுதலிக்கவில்லை, வாயால் சபிக்கவில்லை, ஒரு தாள்தானே என்பது அவர்களுடைய சமாதானம். உபத்திரவம் ஓய்ந்தபின் அவர்களை என்ன செய்வது என்று சபை கலங்கியது. ரோமில் நோவேஷியன் என்பவர், மறுதலித்தவர்களுக்குச் சபையின் கதவு இனித் திறவாது என்றார். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியான் அப்படிச் சொல்லவில்லை. 251இல் கூடிய சங்கத்தில், ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும். சான்றிதழ் மட்டும் வாங்கியவனையும் பலியிட்டவனையும் ஒன்றாக எண்ணக்கூடாது. மனஸ்தாபத்தோடு வருகிறவனை ஏற்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் தாள்தானே என்று அவரும் விட்டுவிடவில்லை. அதுவும் மறுதலிப்பே என்றுதான் அவர் கண்டார். இத்தனைக்கும் அந்த உபத்திரவத்தில் சிப்ரியான் தாமே ஒளிந்திருந்தவர்; அதற்காக ஏச்சும் கேட்டவர். 258இல் அடுத்த உபத்திரவத்தில் இரத்தசாட்சியாக மரித்தார்.

இவற்றையெல்லாம் நான் சொல்லத் தொடங்குமுன், போதகர் அந்தத் தம்பியின் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி ஒருமுறை முழுதும் வாசித்தார். போடாதே என்று அவர் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. அவருடைய வீட்டு நிலைமை போதகருக்குத் தெரியும். தகப்பனாருக்கு வேலையில்லை, தங்கைக்குப் படிப்புச் செலவு.

“தம்பி, நீ கையெழுத்துப் போடுகிறதாயிருந்தால், போடுமுன் இதை உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. அம்மாவுக்குத் தெலுங்கு எழுத்து வாசிக்க வராது. நீதான் வாசிக்கவேண்டும். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, இதைப் போட்டேன் என்று சொல். சொல்ல முடிந்தால் போடு” என்றார்.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிற்படுத்தப்பட்டோர் ‘சி’ பிரிவுச் சான்றிதழுக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளாகும், வேலைக்கான கடைசித் தேதிக்குள் கிடைக்குமா என்று கேட்டார். கடைசித் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. போதகர் சபைப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, அவருடைய தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். பழைய பேனா மை மங்கியிருந்தது. யாரோ டார்ச் விளக்கைக் கொண்டுவந்து பிடித்தார்கள். பெங்களூர் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.